வில்லெமீன் டீச்சரின் முதல் நாள் சட்டம்

“ஜெட் லாக்னு ஒண்ணு இந்த உலகத்துலயே கிடையாது. கண்ணைத் தெறந்து வச்சுக்கத் தெரியாத ஜனங்கதான் இருக்காங்க.”

இந்த அரிய உண்மையை உலகுக்கு வெளியிட்டவர் வில்லெமீன் டெர்ப்ஸ்ட்ரா. இடம், ஹார்லெம் நகரில் எங்கள் தெருவின் நட்டநடுவே போட்டிருந்த நீள மேசை. ஏப்ரல் கடைசி ஞாயிறு தெருக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம். அன்றைக்கு வில்லெமீன் கையில் உருளைக்கிழங்கு சாலட் கரண்டி இருந்தது. அதை அவர் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது.

முப்பத்தோரு வருஷம் நகராட்சி நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவர் அவர். நுனியில் கொக்கி வைத்த நீளக் கம்பைத் தூக்கிக்கொண்டு குளத்தின் கரையோரமாக நடப்பார். தத்தளிக்கிற பிள்ளைக்கு அந்தக் கொக்கியை நீட்டுவார். பிள்ளை பிடிக்கப் போகும்போது ஒரு சாண் பின்னால் இழுப்பார். “காலை அடி! கரையைப் பாக்காத!” என்பார். எங்கள் தெருவில் நாற்பத்தைந்து வயதுக்குக் கீழே உள்ள அத்தனை பேரும், சட்டை, கால்சட்டை, செருப்பு சகிதம் அவர் முன்னால் தண்ணீரில் குதித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள். அதனால் ஊருக்கே அவர் டீச்சர். அவரைவிட வயதில் மூத்தவர்களும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். எதற்கும் ஒரு ஜாக்கிரதைதான்.

ஓய்வு பெற்ற பிறகு மனிதர்களைத் தண்ணீரில் தள்ள வழியில்லாமல் போய்விட்டது. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள, மாடியில் சும்மா கிடந்த இரண்டு அறைகளை வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விட்டார். வருகிறவர்களில் பாதிப் பேர் பூமியின் அந்தப் பக்கத்திலிருந்து இருபது மணி நேரம் பறந்து வந்தவர்கள். பெட்டியைக் கீழே வைப்பதற்குள் கட்டில் எங்கே என்று கேட்பார்கள். டீச்சர் விரலை நீட்டுவார். விரல் கட்டிலைக் காட்டாது; மாடிப்படிச் சுவரில் தொங்கும் பலகையைக் காட்டும். அதில் எழுதியிருப்பது இது:

முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு முன் தூக்கம் கிடையாது. சாய்மானம் உள்ள எதிலும் உட்காரக் கூடாது. திரையை மூடக் கூடாது.

எட்டு வருஷத்தில் இந்தச் சட்டத்தை யாரும் மீறியதில்லை என்பது டீச்சரின் பெருமை. பிரேசிலிலிருந்து வந்த ஒரு தத்துவப் பேராசிரியர் சந்தையில் பாலாடைக்கட்டிக் கடை முன்னால் நின்றபடியே தூங்கினார். ஆழ்ந்த சிந்தனை என்று நினைத்த கடைக்காரர் ஒரு மணி நேரம் மரியாதையாகக் காத்திருந்தார். நின்றுகொண்டு தூங்கினால் சட்டத்தில் சேராது என்று டீச்சர் பிற்பாடு தீர்ப்புச் சொன்னார். கனடாவிலிருந்து தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடியை மழையில் பதினெட்டு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்ட வைத்தார். இருவரும் ஒருவரோடொருவர் பேசாமலும், டீச்சரோடு மிகுந்த அன்போடும் ஊர் திரும்பினார்கள்.

திரையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பகலில் யாரும் ஜன்னல் திரையை மூடுவதில்லை. சுவர் அளவுக்குக் கண்ணாடி. தெருவில் நடந்துபோகிறவருக்கு எங்கள் சோபா, பூந்தொட்டி, தட்டில் இருக்கிற உருளைக்கிழங்கின் எண்ணிக்கை எல்லாம் தெரியும். எங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை என்பது அதற்கு அர்த்தம். யாரும் உள்ளே பார்க்க மாட்டார்கள் என்பது நம்பிக்கை. எல்லாரும் பார்ப்பார்கள் என்பது நடைமுறை. பகலில் ஒரு வீட்டில் திரை மூடியிருந்தால் ஒன்று அங்கே சாவு விழுந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது ரூலாஃப் வீடாக இருக்க வேண்டும்.

ரூலாஃப் டீச்சருக்கு நேர் எதிர் வீடு. முப்பது வருஷம் விமானத்தில் பயணிகளுக்குச் சாப்பாடு பரிமாறும் வேலை பார்த்தவர். டோக்கியோ, லிமா, ஜோகன்னஸ்பர்க் என்று போய்விட்டு விடிகாலையில் வீடு திரும்புவார். திரையை இழுத்து மூடிக்கொண்டு சாயங்காலம் வரை தூங்குவார். எந்த ஊர் ஓட்டலிலும் திரைகள் நடுவில் சரியாகச் சேராது என்பது அவர் கண்டுபிடிப்பு. அந்த இடுக்கைச் சேர்த்துப் பிடிக்க இரண்டு துணி க்ளிப்புகளை எப்போதும் கூடவே எடுத்துப் போவார், ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். ரெண்டு க்ளிப் இருந்தால் எந்த ஊரிலும் ராத்திரியை உண்டாக்கிவிடலாம் என்று ஒருமுறை தெருவிருந்தில் சொல்லித் தொலைத்தார். அதற்கப்புறம் டீச்சர் அவரை எங்கே பார்த்தாலும், க்ளிப் பத்திரமா இருக்கா என்று விசாரிப்பது தெருவின் பொழுதுபோக்காகிவிட்டது.

ரூலாஃப் சோம்பேறி என்று தீர்ப்பு எழுதியதும் டீச்சர்தான். தெருக் கமிட்டிக்குத் தலைவர் அவர். எங்கள் தெருவின் பன்னிரண்டு பூத்தொட்டிகளுக்கு வீட்டுக்கு ஒரு வாரம் தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர்க் குழாயும் எல்லார் சைக்கிள்களும் இருக்கிற பொதுக் கொட்டகைச் சாவி டீச்சர் வீட்டு ஆணியில் தொங்கும். அந்த முறைப் பட்டியலில் ரூலாஃப் பெயர் மட்டும் ஒரு நாளும் வந்ததில்லை. பகலில் தூங்குகிற ஆளுக்கு வெயிலில் வாடுகிற பூவைப் பற்றி என்ன தெரியும் என்பது டீச்சர் கேட்கும் கேள்வி. ரூலாஃப் வேலையை விட்டு நாலு வருஷமாகிறது. இப்போதெல்லாம் எங்களைப் போலவே ராத்திரியில்தான் தூங்குகிறார். பெயர் வரவில்லை. பார்க்க அற்பமான விஷயம். ஆனால் தெருவுக்குள் ஒரு மனிதன் எங்கே நிற்கிறான் என்பது அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. ரூலாஃப் வருஷா வருஷம் கேட்டுக்கொண்டேயிருந்தார்.

இந்த ஏப்ரலிலும் கேட்டார். அப்போதுதான் டீச்சர் கரண்டியைத் தூக்கி, மேலே கண்ட உண்மையை வெளியிட்டார்.

கோபக்காரப் பயணிகளிடம் முப்பது வருஷம் சிரித்த முகத்தோடு காப்பியா டீயா என்று கேட்ட மனிதர் ரூலாஃப். அன்றைக்கு முள்கரண்டியைத் தட்டில் வைத்தார்.

“நீ இதுவரைக்கும் எவ்வளவு தூரம் பறந்திருக்க, வில்லெமீன்?”

தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் ரூலாஃப் மட்டும்தான். கேள்விக்குப் பதில் எல்லாருக்கும் தெரியும். டீச்சர் போன அதிகபட்ச தூரம் பிரான்ஸில் ஒரு கூடார முகாம். அதற்கும் காரின் பின்னால் வண்டி வீட்டைக் கட்டிக்கொண்டு, நம்ம ஊர் உருளைக்கிழங்கு ஒரு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு, தரை வழியாகப் போனவர்.

“அடுத்த மாசம் நியூசிலாந்து போறேன், மகனைப் பாக்க,” என்றார் டீச்சர். “ஜூன் பதினாலு, சனிக்கிழமை காலைல ஆறு மணிக்குத் திரும்பி வந்து எறங்குவேன். அன்னைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு வீபேவோட எழுபதாவது பொறந்தநாள். எல்லாரும் வாங்க. ஒன்பது மணி வரைக்கும் நான் முழிச்சிருக்கேனான்னு ஜன்னல் வழியா பாத்துக்கங்க.”

“தூங்கிட்டா?”

“தூங்கிட்டா, ஒன்னச் சோம்பேறின்னு நான் சொன்னது தப்புன்னு ஒன் வாசல்ல வந்து சொல்றேன். கொட்டகைச் சாவியையும் ஒன் கையிலயே குடுக்கறேன். போதுமா?”

ரூலாஃப் தலையசைத்தார். டீச்சரின் கணவர் வீபே மட்டும், விழாவை ஒரு நாள் தள்ளி ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொண்டால் என்ன என்று மெல்ல இழுத்தார். வீபே ஆற்றுப் பாலத்தைத் தூக்கி இறக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். படகு வரும்வரை காத்திருப்பது, வந்தால் திறப்பது, போனால் மூடுவது என்றே வாழ்ந்ததால் அதிகம் பேசமாட்டார்.

“பொறந்தநாள் பொறந்த நாள்லதான் வரும், வீபே,” என்றார் டீச்சர். அதோடு பாலம் மூடிக்கொண்டது.

நியூசிலாந்தில் ஆறு வாரம் மகன் வீட்டில் இருந்த டீச்சர், பக்கத்து வீட்டுக்காரரான மரே என்பவரைத் தன் சட்டத்துக்கு மதம் மாற்றிவிட்டார். மரே ஓய்வு பெற்ற ஆட்டு வைத்தியர். தாட்டியான உடம்பு, எதற்கும் அசையாத முகம். ஐரோப்பாவைப் பார்க்க ஆசைதான், ஆனால் பிரயாணக் களைப்பை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார். டீச்சருக்கு இதைவிட என்ன வேண்டும்? என்கூட வா, முதல் நாளை எப்படிக் கழிப்பது என்று காட்டுகிறேன் என்று அவருக்கும் டிக்கெட் எடுக்க வைத்தார். பந்தயத்துக்குப் பந்தயம், பாடத்துக்குப் பாடம்.

பயணம் இருபத்தாறு மணி நேரம். டீச்சர் ஒரு நிமிஷமும் கண்ணை மூடவில்லை. ஒன்பது மணிக்கு முன் தூங்கக்கூடாது என்பதுதான் சட்டம். ஆனால் எந்த ஊர் ஒன்பது மணி என்பதில் விமானத்துக்குள் குழப்பம் வந்ததால், எதற்கு வம்பு என்று முழுவதும் விழித்திருந்தார். இருக்கைகளுக்கு நடுவே மேலும் கீழும் நடந்து, வாயைத் திறந்து தூங்குகிறவர்களைக் கண்டிப்போடு பார்த்துக்கொண்டே போனார். மரே தக்காளி ஜூஸோடு ஒரு சின்ன மாத்திரையை விழுங்கிவிட்டு, இறங்குகிற ஊர் வரும்வரை செத்த ஆடு மாதிரி கிடந்தார். தொழிலுக்கேற்ற இந்த உவமை அவரே சொன்னது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு இருவரும் பஸ்ஸிலிருந்து இறங்கி எங்கள் தெருவுக்குள் நுழைந்தார்கள். தெருவே பூந்தொட்டியில் களை பிடுங்குகிற சாக்கில் வெளியே நின்றது. டீச்சர் மலர்ந்த முகத்தோடு கையாட்டினார். கொஞ்சம் அதிகமாகவே மலர்ந்த முகம். எதிர் வீட்டு வாசலில் நின்ற ரூலாஃபைக் கட்டிப்பிடித்து, நீ வளர்ந்துட்ட என்றார். ரூலாஃபுக்கு வயது அறுபத்தாறு.

உள்ளே வீபே காப்பி போட்டு வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இரண்டாவதுக்கு மரேயின் கை நீள்வதற்குள் டீச்சர் டின்னை மூடினார். அதுவரை எல்லாம் ஒழுங்கு. பிறகு ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டகையைத் திறந்து இரண்டு சைக்கிள்களை வெளியே எடுத்தார். திரும்பி வந்து டின்னைத் திறந்தார். சாவியை உள்ளே போட்டார். ஒரு பிஸ்கட்டை எடுத்து ஸ்வெட்டர் பாக்கெட்டில் பத்திரமாக வைத்துப் பொத்தானைப் போட்டார். டின்னை மூடி மேலே தட்டிக்கொடுத்தார். வீபே பார்த்துக்கொண்டுதான் இருந்தார். படகு ஹாரன் அடிக்காமல் பாலத்தைத் திறக்கக்கூடாது என்பது அவர் தொழில் தர்மம். சும்மா இருந்துவிட்டார்.

ஒன்பது மணிக்கு ஆற்றங்கரையில் சைக்கிள் பாடம். இங்கேதான் ஒரு சிறு சிக்கல். நியூசிலாந்தில் எல்லாரும் சாலையின் இடது பக்கம் போகிறவர்கள். ஆறு வாரம் அங்கே இருந்து அந்தப் பழக்கத்தை டீச்சர் முழு மனதோடு ஏற்றுக்கொண்டுவிட்டார். தான் பிறந்து வளர்ந்த ஊரில், அறுபத்தெட்டு வருஷமாக வலது பக்கம் போன அதே கரையில், இடது பக்கமாக நிமிர்ந்து உட்கார்ந்து வந்தார். பின்னாலேயே மரே, அவருக்கு அதுதான் சரியான பக்கம். எதிரே வந்த சைக்கிள்கள் எல்லாம் மணியடித்தன. சனிக்கிழமைக் காலை, சந்தைக்குப் போகிற கூட்டம். ஒரே மணிச் சத்தம். டீச்சர் நெகிழ்ந்துபோனார்.

“பாத்தியா மரே, ஆறு வாரம் இல்லாம ஊரே ஏங்கிப் போச்சு,” என்று திரும்பிச் சொல்லிவிட்டு, மணியடித்த ஒவ்வொருவருக்கும் பதில் மணியடித்தார்.

பாலத்தடியில் ஒரு இளம் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். அவரும் ஒருகாலத்தில் செருப்போடு குளத்தில் குதித்தவர்தான்.

“டீச்சர், நீங்க தப்பான பக்கத்துல வர்றீங்க.”

டீச்சர் எதிரே வருகிற கூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நான் ஒருத்திதான் வர்றேன். அவங்க எத்தனை பேர் வர்றாங்க பாரு. நீ மொதல்ல அவங்களப் போய்ப் புடி.”

போலீஸ்காரர் கொஞ்சம் யோசித்தார். சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொள்கிற அதிகாரம் டீச்சருக்கு இன்னும் இருக்கிறதா இல்லையா என்பது அவருக்கு நிச்சயமில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விடுங்கள் என்று கெஞ்சி அனுப்பிவிட்டார்.

பெரிய சந்தையில் மீன் வண்டி. ஜூன் மாதத்துப் புது ஹெரிங் மீன். வெங்காயத்தில் புரட்டி, வாலைப் பிடித்துத் தூக்கி, அண்ணாந்து வாயில் இறக்க வேண்டும். நின்றுகொண்டு சாப்பிடுவதால் இது முதல் நாள் பாடத்தில் முக்கியமான அத்தியாயம். மரே பார்த்தார், பிடித்தார், இறக்கினார், இன்னொன்று கேட்டார். டீச்சரும் வாலைப் பிடித்து அண்ணாந்தார். அண்ணாந்தவர் அண்ணாந்தபடியே நின்றுவிட்டார். மீன் வாய்க்கு நாலு விரற்கடை மேலே தொங்கிக்கொண்டிருந்தது. மேகம் நகர்ந்தது, மாதா கோயில் மணி அடித்தது, கடற்பறவை ஒன்று வந்து வண்டிக் கூரையில் உட்கார்ந்து நிலைமையை ஆராய்ந்தது. பிறகு மிக நாகரிகமாகப் பறந்து வந்து டீச்சர் கையில் வாலை மட்டும் விட்டுவிட்டு மீனை எடுத்துக்கொண்டு போயிற்று. டீச்சர் வாயை மூடி மென்றார்.

“இந்த வருஷம் மீன் ரொம்ப லேசா இருக்கு,” என்றார்.

மரே மறுத்துப் பேசவில்லை. மயக்கத்தில் இருக்கிற ஆட்டோடு வாதாடக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

மத்தியானம் இரண்டு மணி. டீச்சரின் உடம்பு எந்தத் தேசத்திலிருந்து கிளம்பியதோ அங்கே அப்போது நள்ளிரவு பன்னிரண்டு. கூடத்தில் பதினான்கு நாற்காலிகள் வட்டமாகப் போட்டாயிற்று. எங்கள் ஊர்ப் பிறந்தநாள் என்றால் வட்டம்தான். உள்ளே வருகிறவர் பிறந்தநாள்காரருக்கு மட்டும் வாழ்த்துச் சொன்னால் போதாது. வட்டத்தைச் சுற்றி வந்து, உங்க அண்ணனுக்குப் பொறந்தநாள், உங்களுக்கும் வாழ்த்துக்கள், உங்க பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொறந்தநாள், உங்களுக்கும் வாழ்த்துக்கள் என்று எல்லார் கையையும் குலுக்க வேண்டும். அதன்பின் உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கூடாது. ஒரு துண்டு கேக், ஒரு கப் காப்பி, பக்கத்தில் யார் வாய்த்தார்களோ அவர்களோடு பேச்சு. டீச்சர் வட்டத்தை இரண்டு சுற்றுச் சுற்றி எல்லாரையும் வாழ்த்தினார். மூன்றாவது சுற்றில் கோட் மாட்டுகிற ஸ்டாண்டின் கையைப் பிடித்துக் குலுக்கியபோது வீபே வந்து அவரைத் திருப்பிவிட்டார்.

தனக்கென்று டீச்சர் சமையலறையிலிருந்து முதுகில்லாத முக்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டிருந்தார். சட்டத்தை எழுதியவர் சட்டப்படிதானே உட்கார வேண்டும்? விதி ஆக்யெ ரூபத்தில் வந்தது. ஆக்யெ வீபேவின் அக்கா, எண்பத்திரண்டு வயது. அவருக்காக வைத்திருந்தது அந்த வீட்டிலேயே நல்ல நாற்காலி. தலைக்கு இருபுறமும் சிறகு வைத்து, உட்கார்ந்தால் ஒரு அடி உள்ளே வாங்கும் வெல்வெட் நாற்காலி. ஆக்யெ அதைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

“இதுல உக்காந்தா என் இடுப்ப யாரு வந்து தூக்கறது? அந்த முக்காலியக் குடுடி. நீ இங்க உக்காரு.”

நாத்தனார் சொல்லைத் தட்ட முடியாது. வட்டத்தில் வேறு நாற்காலியும் இல்லை. பதினான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்க, டீச்சர் அந்த வெல்வெட்டுக்குள் இறங்கினார். கரையிலிருந்து ஆழத்துக்குள் காலை விடுகிறவர் முகத்தில் இருக்கும் பயத்தை அவர் ஆயிரம் தடவை பார்த்திருப்பார். அதை அவர் முகத்தில் நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பேச்சு ஆரம்பித்தது. வானிலை. பிறகு ஆக்யெவின் இடுப்பு. அதன்பின் ஸ்டேஷன் பக்கம் தோண்டிப் போட்டிருக்கிற சாலை, அது எப்போது முடியும், போன தடவை எப்போது முடிந்தது, அதற்கு முந்தின தடவை முடிந்ததா. இரவெல்லாம் நன்றாகத் தூங்கி எழுந்த எங்களுக்கே இமை கனத்தது. டீச்சர் முள்கரண்டியில் கேக்கைக் குத்தி, வாய் வரைக்கும் தூக்கினார். கரண்டி அங்கேயே நின்றது. கண் திறந்திருந்தது. ஆனால் இமைக்கவில்லை.

நேர் எதிரே ரூலாஃப். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

“எங்க மருமகப்பய எப்படி இருக்கான்?” என்று ஆக்யெ டீச்சரைக் கேட்டார். பதில் இல்லை. ஆக்யெ இன்னும் சத்தமாகக் கேட்பதற்கு மூச்சை இழுத்தார். இன்னும் ஒரு நொடியில் பதினான்கு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். பதினான்கு சாட்சி. ரூலாஃப் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். சாவியும் பட்டியலும் அவருடையது, பழைய பழியும் போய்விடும்.

ரூலாஃப் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, உரத்த குரலில் பிறந்தநாள் பாட்டை ஆரம்பித்தார். முப்பது வருஷம் விமானத்தில் தூங்குகிறவர்கள்மேல் போர்வை போர்த்தின கை. அது தன் பாட்டுக்குச் செய்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். பாட்டு ஆரம்பித்தால் எல்லாரும் எழுந்து நின்று, முடிவில் மூன்று தடவை கையைத் தூக்கிக் கத்துவது முறை. தெரு முழுக்கக் கேட்கும்படி நாங்கள் முதல் தடவை கத்தியதும் டீச்சர் வெல்வெட்டிலிருந்து நட்டுக்குத்தாக எழுந்தார்.

“காலை அடி! கரையைப் பாக்காத!”

வட்டத்தில் நாற்பத்தைந்துக்குக் கீழே இருந்த ஐந்து பேர், தங்களை அறியாமலே, நின்ற இடத்தில் காலை உதறினார்கள். ஒருவர் காப்பி மற்றவர் சட்டையில்.

“நியூசிலாந்துல இப்படித்தான் வாழ்த்துவாங்களாம்,” என்றார் ரூலாஃப், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

எல்லாரும் மரேயைப் பார்த்தார்கள். மரே மெல்ல எழுந்தார். தாட்டியான தன் உடம்பை நிமிர்த்தி, வீபேவைப் பார்த்து, வலது காலை ஒருமுறை, இடது காலை ஒருமுறை பலமாக உதறினார். “எழுபதுக்கு ரெண்டு கால்தான் வழக்கம்,” என்று விளக்கமும் சொன்னார். வீபேவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வழக்கம் இப்போது எங்கள் தெருவில் நிலைத்துவிட்டது. யாருடைய தப்பு என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஐந்தரைக்கு எல்லாரும் கிளம்பினார்கள். ஆறு மணிக்கு அவரவர் வீட்டில் உருளைக்கிழங்கு வேக வேண்டும்; அதற்குமேல் ஒருவர் வீட்டில் இருப்பது எங்கள் ஊரில் குற்றம். மரே சைக்கிளை எடுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் ஊரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று உற்சாகமாக ஆற்றுப் பக்கம் போனார், இடது பக்கமாக. ரூலாஃப் கடைசி ஆள். வாசலில் நின்றார்.

“போய்ப் படு, வில்லெமீன். நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“ஒன்பது மணிக்கு.”

“இப்ப மணி என்ன?”

டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதை அவர் இன்னும் திருப்பி வைக்கவில்லை. “மூணரை.”

“ராத்திரியா, பகலா?”

டீச்சர் வானத்தைப் பார்த்தார். வெயில் அடித்தது. “அத நீங்க கமிட்டில பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க,” என்று கதவை மூடினார்.

ஆறு மணி. தெருவின் இரு பக்கமும் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு குடும்பம், ஒவ்வொரு மேசையிலும் ஆவி பறக்கிற பாத்திரம். ஒருவரும் டீச்சர் வீட்டைப் பார்க்கவில்லை. அதாவது, தலையைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறு இருபதுக்கு டீச்சர் தன் வீட்டு ஜன்னலருகே வந்து நின்றார். ஜன்னல் திண்டில் மூன்று ஆர்க்கிட் தொட்டிகளும் இரண்டு பீங்கான் நாய்களும் ஒரு செம்புக் கெண்டியும் இருந்தன. முதல் தொட்டியை எடுத்துக் கீழே வைத்தார். அடுத்ததை எடுத்தார். நாய்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு திரையைப் பிடித்து இழுத்தார்.

இருபத்தாறு வருஷமாக இழுக்காத திரை. இடது பாதி முனகிக்கொண்டே பாதி தூரம் வந்து, இன்னொரு இழுப்புக்கு முழுசாக வந்தது. வலது பாதி வருகிற வழியில் நின்றுவிட்டது. நடுவில் ஒரு சாண் இடுக்கு. அதன் வழியே ஜூன் மாதத்துச் சாயங்கால வெயில் கத்தி மாதிரி உள்ளே போயிற்று. திரை இரண்டு மூன்று தடவை அசைந்தது. இடுக்கு மூடவில்லை. தெருவில் முள்கரண்டிகள் எல்லாம் நின்றன.

கதவு திறந்தது. டீச்சர் வீட்டுச் செருப்போடு வெளியே வந்தார். வாகனம் வருகிறதா என்று தப்பான பக்கம் பார்த்துவிட்டு, தெருவைக் கடந்து, ரூலாஃப் வீட்டு மணியை அடித்தார். ரூலாஃப் கழுத்தில் துவாலையோடு வந்து கதவைத் திறந்தார். கோடை காலம், எல்லா ஜன்னலும் திறந்துதான் இருந்தது. நாங்கள் ஒட்டுக்கேட்டோம் என்று யாரும் சொல்ல முடியாது.

“ரூலாஃப்.”

“சொல்லு.”

“நீ சோம்பேறி இல்ல.”

டீச்சர் ஸ்வெட்டர் பாக்கெட் பொத்தானைக் கழற்றி, உள்ளே கைவிட்டு எடுத்து, அவர் உள்ளங்கையில் ஒரு பிஸ்கட்டை வைத்து விரல்களை மூடிவிட்டார். “சாவி. திங்கக்கிழமைலேருந்து ஒன் மொறை. வெயிலுக்கு முன்னால ஊத்திடணும்.”

ரூலாஃப் உள்ளங்கையைத் திறந்து பார்த்தார். மறுபடி மூடிக்கொண்டார். “ஊத்திடறேன், டீச்சர்.”

அவர் வில்லெமீனை டீச்சர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. டீச்சர் திரும்பவில்லை. அங்கேயே நின்றார், குளத்தின் ஓரத்தில் குதிக்கத் தயங்குகிற பிள்ளை மாதிரி.

“அந்த ரெண்டு க்ளிப் இன்னும் வச்சிருக்கியா?”

ரூலாஃப் சட்டைப் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். காலையிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கும்போல. டீச்சர் மஞ்சளையும் நீலத்தையும் வாங்கிக்கொண்டு, தெருவைக் கடந்து, உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

நாங்கள் அவரவர் தட்டில் இருக்கிற உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டோம். எதிரே ஜன்னலில் அந்த இடுக்கு மேலே ஒரு இடத்தில் சேர்ந்தது. கொஞ்சம் பொறுத்து, கீழே ஒரு இடத்தில் சேர்ந்தது. மணி ஆறு முப்பத்தொன்று.